பிக்கப் வண்டியின் தானியங்கி கியர்பெட்டித் திரவத்தை வீட்டில் மாற்றுதல்

தானியங்கி கியர்பெட்டித் திரவம் என்பது, கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளின் கியர்பெட்டிக்குள் நிரப்பப்படும் எண்ணெய் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ஏ.டி.எஃப். என்று அழைக்கப்படுகிறது. இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகப் பெரும்பாலான ஏ.டி.எஃப். வகைகளில் சிவப்புச் சாயம் கலக்கப்படுகிறது. அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்போரில் பலர் இந்தத் திரவத்தை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கின்றனர். பிக்கப் வண்டிகள் தரையிலிருந்து உயரமாக இருப்பதும், கியர்பெட்டி நீளவாக்கில் வண்டியின் நடுவே அமைந்து எளிதில் கைக்கு எட்டுவதும் இதற்குக் காரணங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இன்ஜின் ஆயில் மாற்றுவதைப் போன்ற வேலைதான். ஆனால் இன்ஜினில் அரை லிட்டர் கூடக்குறைய இருந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வேறு நிறுவனத்தின் ஆயிலை ஊற்றினாலும் இன்ஜின் ஓடும். தானியங்கி கியர்பெட்டி இந்த இரண்டிலும் கண்டிப்பானது. பழைய திரவத்தை வடிப்பது எளிது. சரியான திரவத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான சூட்டில், சரியான மட்டத்தில் நிறுத்துவதுதான் உண்மையான வேலை. அதில் தவறினால் பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள கியர்பெட்டி பாழாகும்.

திரவத்தின் பணிகள்

கையால் கியர் மாற்றும் பெட்டியில் எண்ணெய்க்கு முதன்மையான வேலை ஒன்றுதான்: பற்சக்கரங்கள் தேயாமல் வழுக்கலாக வைப்பது. தானியங்கிப் பெட்டியில் அதே எண்ணெய் நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, இன்ஜினின் சக்தியைக் கடத்துவது. இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற மூடிய வட்டப் பாத்திரம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து இறக்கைகள் இன்ஜினோடு சுழன்று திரவத்தை வீசுகின்றன. வீசப்பட்ட திரவம் மறுபக்கத்து இறக்கைகளில் மோதி அவற்றைச் சுழற்றுகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றது மெல்லச் சுழலத் தொடங்குவதைப் போன்றது இது. வண்டி சிக்னலில் கியரில் நின்றாலும் இன்ஜின் அணையாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இரண்டாவது, கியர் மாற்றுவது. பெட்டிக்குள் உள்ள பம்ப் திரவத்தை அழுத்தத்தோடு வால்வுகள் வழியே அனுப்புகிறது. எந்தக் கிளட்ச் தட்டுகள் இறுக வேண்டும், எவை விட வேண்டும் என்பதை அந்த அழுத்தமே நிறைவேற்றுகிறது. திரவம் இங்கே ஒரு கையைப் போல வேலை செய்கிறது. அதில் காற்றுக் குமிழிகள் கலந்தால் பிடி தளர்ந்துவிடும். எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கும் என்பதே காரணம்.

மூன்றாவது, வெப்பத்தை வெளியேற்றுவது. நான்காவது வேலைதான் பலருக்குத் தெரியாதது: கிளட்ச் தட்டுகளுக்கு இடையிலான உராய்வைக் கட்டுப்படுத்துவது. தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்ற வேண்டும். அதிகமாக வழுக்கினால் தட்டு கருகும். சட்டென்று கவ்வினால் வண்டி உதறும். இந்த நடுநிலையை உண்டாக்க உராய்வு மாற்றிகள் என்ற வேதிப்பொருட்கள் கலக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் இதற்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் பயன்பட்டது. 1970இல் அந்தத் திமிங்கிலம் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தபின் செயற்கை மாற்றுகள் தேட வேண்டியதாயிற்று.

திரவத் தரங்களின் வரலாறு

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டி ஜெனரல் மோட்டார்சின் ஹைட்ரா-மேட்டிக் ஆகும். அது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. 1949இல் அந்நிறுவனம் 'டைப் ஏ' என்ற தரத்தை அறிவித்தது. 1960களின் பிற்பகுதியில் 'டெக்ஸ்ரான்' என்ற பெயர் வந்தது. அதன் வழியில் டெக்ஸ்ரான்-2, டெக்ஸ்ரான்-3 ஆகியவை வந்தன. 2005இல் டெக்ஸ்ரான்-6 அறிமுகமானது. ஃபோர்டு முதலில் 'டைப் எஃப்', பின்னர் 'மெர்கான்' வரிசை என்று தன் வழியில் சென்றது. கிரைஸ்லருக்கு 'ஏ.டி.எஃப்.+4', டொயோட்டாவுக்கு 'டபிள்யூ.எஸ்.' என ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனித் தரம் உண்டு.

இவை விற்பனைக்காக வைத்த வேறுவேறு பெயர்கள் மட்டுமல்ல. பழைய டைப் எஃப் திரவத்தில் உராய்வு மாற்றி இல்லை, டெக்ஸ்ரானில் உண்டு. ஒன்றுக்கென வடிவமைத்த கிளட்சில் மற்றொன்றை ஊற்றினால் கியர் விழும் விதமே மாறிவிடும். புதிய பெட்டிகளின் திரவங்கள் மிகவும் நீர்த்தவை. ஃபோர்டு எஃப்-150இன் 10 கியர் கொண்ட 10ஆர்80 பெட்டிக்கு மெர்கான் யூ.எல்.வி. என்ற மிக நீர்த்த வகை குறிக்கப்பட்டுள்ளது. ஆறு கியர் பெட்டிக்கான மெர்கான் எல்.வி.யை அதில் ஊற்றக் கூடாது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் தவறான புட்டியை எடுத்துவிடுவது எளிது.

கடைகளில் 'எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்' என்ற குறிப்போடு பொதுத் திரவங்களும் விற்கப்படுகின்றன. சிலவற்றை நம்பலாம். எனினும், புட்டியின் பின்புறம் வண்டியின் கையேட்டில் உள்ள தரப்பெயர் அச்சொட்டாக இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. மிச்சமாகும் சில டாலர்களுக்காக இதில் சோதனை செய்வது பொருளற்றது.

எப்போது மாற்ற வேண்டும்

சில நிறுவனங்கள் தம் கியர்பெட்டித் திரவம் 'ஆயுள் முழுவதும்' நீடிக்கும் என்று விளம்பரப்படுத்தின. யாருடைய ஆயுள் என்பதை அவை சொல்வதில்லை. பல பிக்கப், கார் நிறுவனங்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., தன் தானியங்கிப் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் திரவம் மாற்றப் பரிந்துரைக்கிறது. பெட்டியைச் செய்தவரே இப்படிச் சொல்லும்போது 'ஆயுள்' என்ற சொல்லை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டியுள்ளது.

திரவத்தின் முதன்மையான எதிரி வெப்பம். சுமார் 80 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பட்டறைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. இழுவை வண்டி கட்டி மலை ஏறும் பிக்கப்பும், நெடுஞ்சாலையில் ஒருவரை மட்டும் சுமந்து செல்லும் பிக்கப்பும் இதில் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப் வண்டிகளின் கையேடுகளில் கடும் பயன்பாட்டைத் தனியே பிரித்துக் காட்டியது. அடிக்கடி இழுவை வண்டி இழுப்பது, மலைப்பகுதியில் ஓட்டுவது, 32 பாகை செல்சியசோ அதற்கு மேலோ வெப்பம் உள்ள ஊரில் நெரிசலில் ஓட்டுவது, டாக்சி அல்லது சரக்கு விநியோகம் ஆகியவை அதில் அடங்கும். அத்தகைய வண்டிகளுக்கு 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் என்ற இடைவெளி குறிக்கப்பட்டது.

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சில திரவங்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கருஞ்சிவப்பாகிவிடும், ஆனாலும் நன்றாகவே இருக்கும். மணம் அதைவிட நல்ல சாட்சி. கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. திரவம் இளஞ்சிவப்பு நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால், ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்புக் குழாய் உடைந்து கூலன்ட் உள்ளே புகுந்துள்ளது என்று பொருள். அந்த நிலையில் திரவம் மாற்றுவது தீர்வாகாது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

மாற்றினால் கெட்டுவிடும் என்ற அச்சம்

நீண்ட காலம் மாற்றாத பெட்டியில் புதுத் திரவம் ஊற்றினால் பெட்டி போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். தேய்ந்த தட்டுகளின் துகள்கள் பழைய திரவத்தில் மிதந்து உராய்வுக்கு உதவுகின்றன, அவற்றை எடுத்துவிட்டால் கிளட்ச் வழுக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஏற்கெனவே தட்டுகள் தேய்ந்து முடிந்த பெட்டியில் இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இந்த நம்பிக்கை பரவியதற்குப் பெரிய காரணம் வேறு. பலர் திரவத்தைப் பற்றி நினைப்பதே கியர் வழுக்கத் தொடங்கியபின்தான். நோய் முற்றியபின் மருந்து கொடுத்துவிட்டு, மருந்துதான் கொன்றது என்று சொல்வதைப் போன்றது இது.

எனவே ஒழுங்காக ஓடும் வண்டியில், கிலோமீட்டர் அதிகம் ஆகியிருந்தாலும், பானைக் கழற்றி வடித்து அளவாக மாற்றுவதில் தயக்கம் தேவையில்லை. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்காவிட்டால், புதுத் திரவம் அதைக் காப்பாற்றாது.

எடுத்துக்காட்டு: சில்வராடோவின் 4எல்60-இ பெட்டி

செய்முறையை விளக்க, வீட்டில் வேலை செய்வோர் அதிகம் கையாண்ட பெட்டிகளில் ஒன்றான 4எல்60-இ பொருத்தமானது. இது 1982இல் வந்த 700ஆர்4 பெட்டியின் வழித்தோன்றல். மின்னணுக் கட்டுப்பாட்டோடு 1993 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்தது. 1999 மாடலாக அறிமுகமான செவ்ரோலெட் சில்வராடோ 1500 வண்டியிலும் பல ஆண்டுகள் இதுவே இருந்தது. நான்கு கியர் கொண்டது, மட்டம் பார்க்க டிப்ஸ்டிக் உள்ளது. முதலில் டெக்ஸ்ரான்-3 குறிக்கப்பட்ட இந்தப் பெட்டிகளுக்கு இப்போது டெக்ஸ்ரான்-6 ஊற்றலாம் என்று அந்நிறுவனமே கூறியுள்ளது.

இதன் முழுக் கொள்ளளவு சுமார் 10.6 லிட்டர். ஆனால் அடியில் உள்ள பானைக் கழற்றினால் வெளியே வருவது சுமார் 4.7 லிட்டர் மட்டுமே. மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆக ஒரு முறை மாற்றினால் 44 விழுக்காடு திரவம்தான் புதிதாகும். சில நாள் ஓட்டியபின் மறுபடி மாற்றினால் 69 விழுக்காடும், மூன்றாம் முறையில் 83 விழுக்காடும் புதிதாகும். இதனால்தான் சிலர் பானில் வடிகால் திருகு பொருத்திக்கொண்டு, ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றனர். குளிர்விப்புக் குழாயைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பம்ப் வெளியே தள்ளத் தள்ள மேலே ஊற்றும் முறையும் உண்டு. அதற்கு இருவர் தேவை. ஊற்றுவது பிந்தினால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும் என்பதால், முதல் முறை செய்பவருக்கு அது ஏற்றதல்ல.

வண்டியைத் தூக்குதல்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுவே. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. சமமான காங்கிரீட் தரையில், வண்டியின் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகளைச் சட்டகத்தின் அடியில் வைத்து, எடை முழுவதும் அவற்றின்மேல் இறங்கிய பின் கையால் வண்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். தார்ச் சாலையில் வெயில் நேரத்தில் ஸ்டாண்டின் கால்கள் புதையும், எனவே அடியில் தடித்த பலகை தேவை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

பார்க் நிலையில் இருக்கிறது, நகராது என்று நினைப்பதும் தவறு. பார்க் பூட்டு கியர்பெட்டியின் வெளித்தண்டை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரங்களைத் தூக்கிவிட்டால் தரையில் உள்ள முன்சக்கரங்களை அது பிடிக்காது. நான்கு சக்கர இயக்க வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், பார்க் போட்டும் வண்டி உருளும். கைப்பிரேக்கும் கட்டையும் கட்டாயம்.

திரவம் வெதுவெதுப்பாக இருக்கும்போது நன்றாக வடியும், ஆகவே சில நிமிடம் ஓட்டிவிட்டுத் தொடங்குவது வழக்கம். ஆனால் நெடுந்தூரம் ஓடிவந்த உடனே திறக்கக் கூடாது. கொதிக்கும் அளவு சூடான எண்ணெய் முழங்கைவரை வழிந்து இறங்கும். அருகிலேயே புகைபோக்கிக் குழாயும் சுட்டபடி இருக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

பானைக் கழற்றுதல்

சில்வராடோவின் பானை 16 போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த பான்கள் பலவற்றில் வடிகால் திருகு இல்லை. எனவே பானையே ஒரு பக்கமாகச் சாய்த்து வடிக்க வேண்டும். பின்பக்கத்து போல்ட்டுகளை எடுத்துவிட்டு, பக்கங்களில் உள்ளவற்றைப் பாதி தளர்த்தி, முன்பக்கத்தில் இருப்பவற்றைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தினால், பான் பின்மூலையில் தொங்கி அங்கிருந்து திரவம் வழியும். கியர் கம்பியைத் தாங்கும் பிடிமானம் சில வண்டிகளில் வழியை மறைக்கும், அதைக் கழற்றி ஒதுக்க வேண்டியிருக்கும். அகலமான வடிதட்டு தேவை. அடியில் பழைய அட்டையை விரித்துவிட்டால் துடைக்கும் வேலை மிச்சமாகும்.

வடிந்த திரவத்தை அளந்து குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். பின்னால் எவ்வளவு ஊற்றித் தொடங்குவது என்பதற்கு அதைவிட நம்பகமான வழிகாட்டி இல்லை. முன்பே மட்டம் சரியாக இருந்திருந்தால், வந்த அளவே திரும்பப் போக வேண்டிய அளவு.

பானின் அடியில் வட்டமான காந்தம் ஒன்று இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம், அதைத் துடைத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். விரலால் தேய்த்தால் உறுத்தும் இரும்புச் சீவல்கள், பொன்னிறத் துணுக்குகள், கருஞ்செதில்கள் ஆகியவை நல்ல அறிகுறிகள் அல்ல. பொன்னிறம் வெண்கலத் தாங்கிகளிலிருந்தும், கருஞ்செதில் கிளட்ச் தட்டுகளிலிருந்தும் வருவது. பழைய ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் முதன்முறை பானைத் திறப்பவர்களை வேறொன்று திடுக்கிட வைப்பதுண்டு: உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் அடைப்பான் கிடக்கும். தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை மூடி வைத்திருந்து, குழாய் செருகும்போது உள்ளே தள்ளப்பட்டது அது. எடுத்து எறிந்துவிடலாம்.

வடிகட்டியும் அதன் சீலும்

இந்தப் பெட்டியின் வடிகட்டி திருகால் பிடிக்கப்பட்டதல்ல. அதன் கழுத்து, பம்ப்பின் துளைக்குள் உள்ள ஒரு சீலில் செருகி நிற்கிறது. லேசாகத் திருகியபடி கீழே இழுத்தால் வந்துவிடும், கூடவே இன்னும் சிறிது திரவமும் கொட்டும்.

பழைய சீல் பெரும்பாலும் மேலேயே துளைக்குள் தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் புது வடிகட்டியைச் சீலோடு செருக முயன்றால் அது உட்காராது. பழைய சீலை எடுக்க, சிறு ஸ்குரூடிரைவரால் அதன் உலோக விளிம்பை உள்நோக்கி மடக்கி இழுக்க வேண்டும். சுற்றியுள்ள துளை அலுமினியத்தால் ஆனது, அதில் கீறல் விழக் கூடாது. புது சீலுக்குத் திரவம் தடவி, அதன் விளிம்புக்கு ஏற்ற அளவுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். சீல் சாய்ந்து உட்கார்ந்தாலோ துளையில் கீறல் விழுந்தாலோ, பம்ப் திரவத்தோடு காற்றையும் உறிஞ்சும். கியர் போட்டபின் வண்டி சற்று யோசித்துவிட்டு நகர்வதும், பம்ப்பிலிருந்து முனகல் கேட்பதும் அப்போதுதான். வீட்டில் செய்த வேலை கெட்டுப்போகும் இடங்களில் இதற்கு முதலிடம் தரலாம்.

4எல்60-இ பெட்டிக்கு ஆழமான பான், ஆழமற்ற பான் என இரு வகை உண்டு. வடிகட்டியும் அதற்கேற்ப மாறும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்பே பொருத்த வேண்டும்.

பானின் விளிம்பையும் பெட்டியின் விளிம்பையும் பஞ்சு நூல் ஒட்டாத துணியால் துடைக்க வேண்டும். தொழிற்சாலை கேஸ்கெட் கெட்டியான சட்டத்தில் ரப்பர் பதித்தது, கிழியாமல் இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். சிலிக்கான் பசை தேவையில்லை. பிதுங்கி உள்ளே விழும் பசைத் துணுக்கு வடிகட்டியை அடைக்கும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு எதிரெதிராக இறுக்க வேண்டும். இறுக்கத்தின் அளவு 11 நியூட்டன் மீட்டர் மட்டுமே. அது மணிக்கட்டின் பலம்தான், தோளின் பலம் அல்ல. ஒழுகக் கூடாதே என்று கூடுதலாக இறுக்குவதே பானின் விளிம்பை வளைத்து ஒழுக வைக்கிறது.

நிரப்புதலும் மட்டம் பார்த்தலும்

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சமதரையில் நிறுத்திய பின்பே மட்டம் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக நீண்ட, ஒடுங்கிய புனலால் முதலில் நான்கு லிட்டர் ஊற்றலாம். அமெரிக்கப் புட்டிகள் குவார்ட் அளவில் வரும். ஒரு குவார்ட் 0.95 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு புட்டி வாங்கினால் போதும்.

பிறகு இன்ஜினை இயக்கி, பிரேக்கை அழுத்தியபடி கியர் கோலை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, மீண்டும் பார்க்குக்குக் கொண்டுவர வேண்டும். காலியான வழிகளையும் வடிகட்டியையும் திரவம் நிரப்புவதற்காக இது. இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, குளிர்நிலைக் குறிக்குள் வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அதன்பின் வண்டியை ஓட்டி, திரவம் 82 முதல் 93 பாகை செல்சியசுக்குள் சூடானதும் மறுபடி சமதரையில் நிறுத்தி, பார்க்கில், இன்ஜின் ஓடும் நிலையில் இறுதி அளவைப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கின் ஒரு பக்கம் ஈரம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால், தாழ்ந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயின் சுவரில் ஒட்டியிருந்த திரவம் மற்றப் பக்கத்தை நனைத்திருக்கும்.

இந்த விதி எல்லா வண்டிக்கும் பொதுவல்ல. பழைய டாட்ஜ் ராம் வண்டிகளில் கியரை நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றின் பம்ப், பார்க்கில் டார்க் கன்வெர்ட்டருக்குத் திரவம் அனுப்பாது. ஹோண்டா ரிட்ஜ்லைனில் இன்ஜினை அணைத்தபின் பார்க்க வேண்டும். கையேட்டைத் திறக்காமல் அண்டை வீட்டுக்காரரின் சொல்லைக் கேட்பவர்கள் தவறுவது இங்கேதான்.

குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், திரவம் நுரைக்கும், கிளட்ச் வழுக்கும். அதிகமாக இருந்தால் சுழலும் பாகங்கள் திரவத்தில் மூழ்கிக் கடையும். அப்போதும் நுரைக்கும், கிளட்ச் வழுக்கும், காற்றுத்துளை வழியே திரவம் வெளியே வழியும். இரண்டு தவறுகளுக்கும் அடையாளம் ஏறத்தாழ ஒன்றே. அதனால் வழுக்குகிறதே என்று மேலும் ஊற்றுவது ஏற்கெனவே அதிகமாக உள்ள பெட்டியை இன்னும் கெடுக்கும்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகள்

அண்மைக்கால பிக்கப் வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக் இல்லை. 2005 முதல் 2015 வரையிலான டொயோட்டா டக்கோமாவின் 4.0 லிட்டர் வி6 வண்டிகளில் வந்த ஐந்து கியர் தானியங்கிப் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் பக்கவாட்டில் நிரப்பும் திருகும், பானின் அடியில் வடிகால் திருகும், தனியே ஒரு வழிவுத் திருகும் உள்ளன. வழிவுத் திருகின் துளைக்குள் ஒரு சிறு குழாய் மேல்நோக்கி நிற்கிறது. திரவம் அக்குழாயின் வாயைத் தாண்டினால் வெளியே வழியும், தாண்டாவிட்டால் வழியாது. வழிவது சன்னமான கசிவாக மாறும் இடமே சரியான மட்டம்.

ஆனால் அந்த மட்டம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் மட்டுமே சரி. இந்தப் பெட்டிக்கு அது 46 முதல் 56 பாகை செல்சியஸ். சூடேறினால் திரவம் விரியும். குளிர்ந்திருக்கும்போதே வழியும்வரை நிரப்பினால், ஓடிச் சூடானபின் அதிகமாகிவிடும். மிகவும் சூடாக இருக்கும்போது வழியவிட்டால், தேவையான திரவமும் வெளியேறிக் குறைவாகிவிடும். வண்டியின் கண்டறி இணைப்பில் செருகும் மலிவான ஓ.பி.டி. கருவியும் கைப்பேசியும் இருந்தால் சூட்டை நேரடியாகப் படிக்கலாம். இன்ஜின் ஓடும்போதே வழிவுத் திருகைத் திறக்க வேண்டும், அணைத்தபின் திறந்தால் அளவுக்கு மேல் கொட்டிவிடும். வண்டியும் நான்கு பக்கமும் சமமாக உயர்ந்து நிற்க வேண்டும். ஓடும் இன்ஜினின் அடியில் படுத்து வேலை செய்வது என்பதால் ஸ்டாண்டுகளில் எந்தச் சமரசமும் கூடாது.

டிப்ஸ்டிக் இல்லாத எந்தப் பெட்டியிலும் முதலில் தளர்த்த வேண்டியது நிரப்பும் திருகைத்தான். துருப்பிடித்த நிரப்பும் திருகு திறக்காது என்பது, திரவம் முழுவதும் வடித்தபின் தெரியவந்தால் வண்டியை இழுவை வாகனத்தில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ராம் 1500 போன்ற சில வண்டிகளின் எட்டு கியர் பெட்டியில் வடிகட்டியும் பானும் ஒரே பிளாஸ்டிக் பாகமாக வருகின்றன, முழுவதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு கூடும், ஆனால் சீலைத் தோண்டி எடுக்கும் தொல்லை இல்லை.

பழைய திரவத்தை அகற்றுதல்

வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஒரு முறை எண்ணெய் மாற்றும்போது வெளிவரும் கழிவு எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று எச்சரிக்கிறது. அதன் கழிவு எண்ணெய் விதிகளில் கியர்பெட்டித் திரவமும் அடங்கும். புதுத் திரவம் வந்த புட்டிகளிலேயே ஊற்றி மூடி, மறுசுழற்சிக்குப் பெற்றுக்கொள்ளும் உதிரிபாகக் கடையிலோ ஊராட்சி மையத்திலோ கொடுக்கலாம். கூலன்ட்டோ பிரேக் திரவமோ கலந்துவிட்டால் பெற மறுப்பார்கள், ஆகவே தனியே வைத்திருக்க வேண்டும்.

மாற்றிய பிறகு சில நாட்கள் கியர் விழும் விதம் சற்று வேறாகத் தோன்றலாம். 4எல்60-இ போன்ற பெட்டிகளின் கணினி, கியர் மாற எடுக்கும் நேரத்தை அளந்து அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்ளும். புதுத் திரவத்துக்கு அது பழக வேண்டும். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் சிவப்புச் சொட்டு இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் கழித்து மட்டத்தை இன்னொரு முறை சூட்டில் சரிபார்த்து, தேதியையும் ஓடிய தொலைவையும் ஊற்றிய திரவத்தின் தரப்பெயரையும் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.